சத்தியத்துக்கு வெளியே சொல்லப்படும் பொய்

முப்பது ஆண்டுகளுக்கு முன், மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் நான் இளம் வழக்கறிஞராக இருந்தேன். திருட்டு வழக்கில் சிக்கிய ஓர் இளைஞருக்காக என் மூத்த வழக்கறிஞர் வாதாடினார். அந்த இளைஞரைக் கைதுசெய்த காவல் அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, கைது நடந்த நாளையும் நேரத்தையும் தயக்கமின்றிச் சொன்னார். ஆனால், அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பே அந்த இளைஞர் காவல் நிலையத்தில் இருந்தார் என்பதை நிலையத்தின் பதிவேடே காட்டியது. குறுக்கு விசாரணையில் அந்தப் பக்கத்தை நீட்டியதும் அதிகாரி மௌனமானார். அவருடைய சாட்சியம் உண்மைக்குப் புறம்பானது என்று தீர்ப்பில் எழுதிய நீதிபதி, இளைஞரை விடுதலை செய்தார்.

நீதிமன்ற வாசலில் அந்த இளைஞரின் தாய் என்னிடம் கேட்டார்: “ஐயா, அவரு சொன்னது பொய்யின்னு தீர்ப்புலயே எழுதியாச்சு. அப்போ அவருக்கு என்ன தண்டனை?” என்னிடம் பதில் இல்லை. “பையன் வெளிய வந்துட்டான்ல, கூட்டிட்டுப் போங்கம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அரசு அதிகாரிகள் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டு எந்த நாட்டில் எழுந்தாலும், மக்கள் கோபத்தின் அடியில் இருப்பது அந்தத் தாயின் கேள்விதான். சாதாரண மனிதர் பொய் சொன்னால் தண்டிக்கும் அரசு, தன் சார்பில் தன் ஊழியர் சொல்லும் பொய்யை மட்டும் ஏன் கடந்துசெல்கிறது? இந்தக் கேள்வியைச் சட்டத்தின் வழியாகவே அணுகிப் பார்க்க விரும்புகிறேன்.

சட்டம் எதைக் குற்றம் என்கிறது?

பொய் சொல்வதே குற்றம் என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் 1911ஆம் ஆண்டுப் பொய்ச்சாட்சியச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பொய் சொன்னவர் முறைப்படி சத்தியம் செய்துகொண்ட சாட்சியாக இருக்க வேண்டும். அவர் பேசிய இடம் நீதி சார்ந்த நடவடிக்கையாக இருக்க வேண்டும். சொன்ன செய்தி வழக்குக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அது உண்மை என்ற நம்பிக்கை அவருக்கு இல்லாதிருக்க வேண்டும். இவையெல்லாம் பொருந்தினால் ஏழு ஆண்டுகள்வரை சிறை. ஒன்று குறைந்தாலும் அது பொய்தான். ஆனால் பொய்ச்சாட்சியம் அல்ல.

இந்த வரையறைக்கு நியாயம் உண்டு. நினைவுப் பிழைக்கும் பொய்க்கும் வேறுபாடு பார்க்காமல் சாட்சிகளைச் சிறைக்கு அனுப்பினால், எவரும் சாட்சி சொல்ல முன்வர மாட்டார்கள். ஆனால், இந்த எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்பதைச் சாதாரண மக்களைவிட அதிகாரிகள் நன்கு அறிவார்கள். கோட்டுக்கு வெளியே நின்று சொல்லப்படும் பொய் எவ்வளவு காலம் வாழும், எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பதற்கு, நான் அறிந்தவரை, இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஒரு வாயிலும் ஒரு பொய்யும்

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளுக்கு இடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம். நுழைவாயில்களில் நெரிசல் அதிகரித்தபோது, வெளியேறுவதற்கான பெரிய வாயில் ஒன்றைத் திறக்க, காவல் பணிக்குத் தலைமை வகித்த டேவிட் டக்கன்ஃபீல்ட் உத்தரவிட்டார். உள்ளே வந்த கூட்டம், ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதிக் கூண்டுகளுக்குச் செல்லும் சுரங்கவழியில் இறங்கியது. அந்த வழியை எவரும் மூடவில்லை. இரும்பு வேலிக்கும் பின்னிருந்து நெருக்கிய கூட்டத்துக்கும் இடையே நசுங்கியதில், இறுதிக் கணக்கின்படி 97 பேர் உயிரிழந்தனர்.

மனிதர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே, ரசிகர்கள் வாயிலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள் என்று கால்பந்து சங்க நிர்வாகியிடம் டக்கன்ஃபீல்ட் சொன்னார். வாயிலைத் திறக்கச் சொன்னதே அவர்தான். நான்கு நாள்கள் கழித்து, ‘உண்மை’ என்ற பெருந்தலைப்பின் கீழ், ரசிகர்கள் இறந்தவர்களின் பைகளைத் துழாவினார்கள் என்று ‘தி சன்’ நாளிதழ் எழுதியது. பழி பாதிக்கப்பட்டவர்கள்மீதே சுமத்தப்பட்டது.

இதை விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதிபதி டெய்லர், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் அளித்த இடைக்கால அறிக்கையில், காவல் துறையின் கட்டுப்பாடு தோற்றதே முதன்மைக் காரணம் என்று தெளிவாகச் சொன்னார். அத்துடன் பொய் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1991இல் மரண விசாரணை, இவை விபத்து மரணங்கள் என்று முடிவு கூறியது. கோப்புகளுக்குள் என்ன நடந்திருந்தது என்பது வெளிவர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணியில் இருந்த காவலர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைகளில் 164 கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன; அவற்றில் 116 அறிக்கைகளில் காவல் துறைக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன என்று ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான சுயேச்சைக் குழு கண்டறிந்தது. தங்கள் கண்ணால் கண்டதை எழுதிய காவலர்களின் சொற்களையே அவர்களுடைய துறை மாற்றியிருந்தது.

2014இல் புதிய மரண விசாரணை தொடங்கியது. அங்கே, 2015இல், டக்கன்ஃபீல்ட் சத்தியம் செய்துகொண்டு சாட்சிக் கூண்டில் நின்றார். வாயில் குறித்து அன்று தான் சொன்னது பெரும் பொய் என்று ஒப்புக்கொண்டார். 26 ஆண்டுகளுக்கு முன் பொய்யைச் சொன்னபோது அவர் எந்தச் சத்தியத்துக்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டபோதுதான் கட்டுப்பட்டிருந்தார். 2016 ஏப்ரலில், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரிகள் முடிவுசெய்தனர். ரசிகர்கள்மீது எந்தத் தவறும் இல்லை என்றும் சொன்னார்கள். ஆனால், டக்கன்ஃபீல்ட் மீது பின்னர் தொடரப்பட்ட குற்ற வழக்கில், 2019 நவம்பரில் அவர் விடுவிக்கப்பட்டார்.

அறிக்கைகளைத் திருத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்ட இரண்டு முன்னாள் காவல் அதிகாரிகளும் ஒரு வழக்கறிஞரும் 2021இல் விசாரிக்கப்பட்டனர். நீதியின் போக்கைத் திரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கு ஜூரிகளின் முடிவுக்கே போகவில்லை. அறிக்கைகள் அனுப்பப்பட்டது டெய்லர் விசாரணைக்கு. அது சட்டப்படி அமைந்த நீதி நடவடிக்கை அல்ல, நிர்வாக நடவடிக்கை மட்டுமே. எனவே, திரிப்பதற்கு அங்கே ‘நீதியின் போக்கு’ என்று ஒன்று இல்லை என்று நீதிபதி கூறிவிட்டார். சட்டத்தின் எழுத்தை அவர் பின்பற்றினார். ஆனால், 32 ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு சொன்ன செய்தி வேறு: உங்கள் பிள்ளைகளைப் பற்றிய உண்மை மறைக்கப்பட்டிருக்கலாம்; மறைக்கப்பட்ட இடம் குற்றத்துக்கு ஏற்ற இடம் அல்ல.

கோபம் சட்டமாகும் வழி

லிவர்பூல் மக்களின் கோபம் என்னை வியக்கவைப்பது, அதன் அளவால் அல்ல, அதன் பொறுமையால். 2009இல், இருபதாம் ஆண்டு நினைவு நாளில், ஆன்ஃபீல்ட் மைதானத்தில் அமைச்சர் ஆண்டி பர்னம் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டம் எழுந்து நீதி கேட்டு முழங்கியது. அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு கேட்டார். சுயேச்சைக் குழு அமைந்ததற்கு அந்த முழக்கம் ஒரு முக்கியத் தூண்டுதல். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் குடும்பங்கள் கேட்டது குறிப்பான ஒன்றை: கோப்புகளைத் திறவுங்கள், மரண விசாரணையை மீண்டும் நடத்துங்கள், சட்டத்தின் ஓட்டையை அடையுங்கள்.

அந்தக் கடைசிக் கோரிக்கையே ‘ஹில்ஸ்பரோ சட்டம்’ என்று அழைக்கப்படும் மசோதா. 2017இல் பர்னம் முன்வைத்த முதல் முயற்சி நிறைவேறவில்லை. 2025 செப்டம்பரில் பிரிட்டன் அரசே ஒரு மசோதாவை நாடாளுமன்றத்தில் அறிமுகப்படுத்தியது. அதன் மையக் கருத்து எளியது. விசாரணைகளின்போது உண்மையை மறைக்காமல், கேட்கும்வரை காத்திராமல் முன்வந்து சொல்வது அரசு அமைப்புகளின், அதிகாரிகளின் சட்டக் கடமை. பொதுமக்களைத் திட்டமிட்டுத் தவறாக வழிநடத்துவது தனிக் குற்றம். அதாவது, சத்தியம் செய்யும் கணத்தில் அல்ல, பதவி ஏற்கும் கணத்திலேயே உண்மை பேசும் கடமை தொடங்குகிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது?

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் இங்கிலாந்தைவிடப் பின்தங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. விசாரணை ஆணையங்கள் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. அதன்படி அமையும் ஆணையத்தின் முன் நடப்பது, பொய்ச்சாட்சியக் குற்றத்தைப் பொறுத்தவரை, நீதி நடவடிக்கையாகவே கருதப்படும். டெய்லர் விசாரணை தடுக்கி விழுந்த பள்ளம் இங்கே பெருமளவு மூடப்பட்டிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 193ஆம் பிரிவும், இன்று அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவும், நீதி நடவடிக்கையில் சொல்லப்படும் பொய்ச்சாட்சியத்துக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறை விதிக்கின்றன. பொய்யான பிரமாணப் பத்திரமும் இதற்குள் வரும்.

பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. பொய்ச்சாட்சியத்தால் பாதிக்கப்பட்டவர் காவல் நிலையம் சென்று புகார் கொடுத்து வழக்குத் தொடுத்துவிட முடியாது. எந்த நீதிமன்றத்தின் முன் பொய் சொல்லப்பட்டதோ, அந்த நீதிமன்றமே எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215ஆம் பிரிவு. வழக்கில் தோற்றவரெல்லாம் வென்றவரின் சாட்சிகள்மீது பழிவாங்கும் வழக்குப் போடாமல் தடுக்க இந்தப் பாதுகாப்பு தேவைதான். பொய் வேண்டுமென்றே சொல்லப்பட்டதாகவும், தண்டனை கிடைக்கும் வாய்ப்பு நியாயமான அளவில் இருப்பதாகவும் தெரிந்தால் மட்டுமே இதில் இறங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே அறிவுறுத்தியது. ஆனால் நடைமுறையில், வழக்குகளின் சுமையில் தவிக்கும் நீதிபதி, ஒரு வழக்கை முடித்த கையோடு அதிலிருந்து இன்னொரு வழக்கைப் பிறப்பிக்க விரும்புவதில்லை. ‘சாட்சியம் நம்பத்தகுந்ததல்ல’ என்ற ஒரு வரியுடன் கோப்பு மூடப்படுகிறது. அதிகாரி மறுநாள் பணிக்குத் திரும்புகிறார்.

பொய் பிறப்பதும் பெரும்பாலும் சாட்சிக் கூண்டில் அல்ல. அதற்கு வெகு முன்பு, காகிதத்தில். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அந்த வாசகத்தைத் தமிழ்நாடு நம்பவில்லை. கடையின் கண்காணிப்புக் கேமரா காட்சிகளும் அதற்கு மாறாக இருந்தன. அதே காவல் நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், தான் அன்றிரவு கண்டதை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னார். துறையின் காகிதம் ஒன்றைச் சொல்ல, துறையின் ஊழியர் மற்றொன்றைச் சொன்னார். உண்மை சொல்வதற்கு அவர் அத்தனை துணிவு கொள்ள வேண்டியிருந்தது என்பதே நம் அமைப்பின் நிலையைக் காட்டுகிறது.

எதைக் கேட்க வேண்டும்?

கோபம் நியாயமானது. ஆனால், ‘பொய் சொன்னவரைத் தூக்கில் போடு’ என்று முழங்கும் கோபம் அடுத்த செய்தி வரும்வரைதான் நிற்கும். லிவர்பூல் குடும்பங்களைப் போல நாமும் குறிப்பாகக் கேட்கலாம். ஓர் அரசு ஊழியரின் சாட்சியம் பொய் என்று தீர்ப்பில் எழுதும் நீதிமன்றம், அவர்மீது புகார் அளிக்காவிட்டால், ஏன் அளிக்கவில்லை என்பதற்கான காரணத்தை அதே தீர்ப்பில் பதிவுசெய்யட்டும். அந்தத் தீர்ப்பின் நகல் அவருடைய துறைத் தலைமைக்குச் சென்று, பணிப் பதிவேட்டில் இடம்பெறட்டும். அடுத்த பதவி உயர்வின்போது அது மேசையில் இருக்கட்டும். நீதிமன்றத்துக்கும் ஆணையத்துக்கும் வெளியே, அறிக்கைகளிலும் செய்தியாளர் சந்திப்புகளிலும் மக்களை அறிந்தே ஏமாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டம் நமக்கும் வேண்டுமா என்ற விவாதம் சட்டமன்றங்களில் நடக்கட்டும்.

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை என்று எழுதினேன். அது முழு உண்மை அல்ல. பொய்ச்சாட்சியம் குறித்து விசாரிக்கும்படி நீதிமன்றத்திடமே மனுச் செய்யும் வழி அன்றும் சட்டத்தில் இருந்தது. அன்று அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340ஆம் பிரிவு. இன்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379ஆம் பிரிவு. எனக்கு அது தெரியும். அதே அதிகாரியை அடுத்த வாரமும் அதே நீதிமன்றத்தில் சந்திக்க வேண்டும் என்பதும் தெரியும். அதனால் நான் சொல்லவில்லை. மகனை அழைத்துக்கொண்டு அந்த அம்மா பேருந்து நிலையம் நோக்கி நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் அப்போது எந்தச் சத்தியத்துக்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை.