'உபாத்தி' என்ற ஒரு சொல்

1911-இல் பிரதிஷ்டையான மூணாறு கிறிஸ்து ஆலயத்துக்குத் தமிழ் ஆராதனைக்குப் போகிற எஸ்டேட் குடும்பங்களுக்கும், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. தாலி போடலாமா, பூ வைக்கலாமா? கேரளத்துப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகையே கூடாது. அடுத்த லயத்தில் தாலியோடு திருவிருந்துக்குப் போகிற அக்கா இருப்பார். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் இதற்காகவே பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கலாத்தியர் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணத்தை 'உபாத்தி' என்கிறது நம் பழைய தமிழ் வேதாகமம். நமக்கு உடனே வாத்தியார்தான் ஞாபகம் வருவார். கிரேக்க மூலத்தில் இருப்பது 'பைதகோகோஸ்'. அவர் பாடம் நடத்துபவர் அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற வீட்டு அடிமை. பிள்ளை ஆளானதும் அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கையை விடமாட்டேன் என்பவர்களிடம்தான் பவுல் கோபப்படுகிறார். அங்கே தகராறு விருத்தசேதனம், இங்கே தாலி.

கையை விட்டவரெல்லாம் வளர்ந்தவர் என்றும் அவர் சொல்லவில்லை. ரோமர் 14-இல் சாப்பாட்டுச் சண்டையைப் பேசும்போது இரண்டு கட்சிக்கும் குட்டு வைக்கிறார்: எல்லாம் சாப்பிடுகிறவர் ஏளனம் பண்ணக்கூடாது, விலக்குகிறவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டாவதைவிட முதலாவதுதான் நமக்குக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் சொன்ன வீட்டில் மருமகள் தாலியைக் கழற்றவில்லை. மாமியாரோடு ஜெபக்கூட்டத்துக்குப் போகிற அன்று மட்டும் பூ வைப்பதில்லை, யாரும் சொல்லாமலே. மாமியாரும் தாலியைப் பற்றி இப்போது கேட்பதில்லை.