பேரிங் வேறு, கனெக்‌ஷன் வேறு: இயர்பட்ஸ் பற்றி ஒரு குறிப்பு

"போன்ல பாட்டு நல்லா கேக்குது, லேப்டாப்ல மீட்டிங் வந்தா மட்டும் குரல் கெட்டுப் போகுது." "பேர்டுன்னு காட்டுது, ஆனா கனெக்ட் ஆகல." "நான் காதுல மாட்டினா, ஹால்ல இருக்கிற டேப்லெட்டோட போய் ஒட்டிக்குது."

வயர் இல்லாத இயர்பட்ஸ் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார்கள் இவை. மூன்றுக்கும் நம் கைவசம் இருக்கும் வைத்தியம் ஒன்றேதான்: ப்ளூடூத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. அதிலும் சரியாகவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. சில நேரம் வேலை செய்யும். சில நேரம் நன்றாக இருந்த போனிலும் போய்விடும்.

உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். பேரிங் என்பது ஒரு வேலை, கனெக்‌ஷன் என்பது இன்னொரு வேலை, கனெக்ட் ஆன பிறகு ஒலி எந்த வழியில் போகிறது என்பது மூன்றாவது வேலை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். இதோடு சேர்ந்த இன்னொரு விஷயமும் உண்டு. இயர்பட்ஸில் ஸ்பீக்கர் மட்டுமல்ல, மைக்கும் இருக்கிறது. அந்த மைக்குக்கு யார் யாரிடம் சாவி இருக்கிறது என்பதை நாம் யாரும் யோசிப்பதில்லை.

வயர் செய்துகொண்டிருந்த வேலை

ப்ளூடூத்தின் வேலை 1994-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. செல்போனுக்கும் அதோடு சேரும் கருவிகளுக்கும் நடுவில் இருக்கும் வயரை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். 1998-ல் எரிக்சன், இன்டெல், ஐபிஎம், நோக்கியா, தோஷிபா ஆகியவை சேர்ந்து இதற்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. பெயர் 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்ட் ப்ளூடூத்துடையது.

வயர் ஒலியை மட்டும் கொண்டு போகவில்லை. யாருக்கு யார் ஜோடி என்பதையும் அதுதான் தீர்மானித்தது. ஹெட்போன் பின்னை உங்கள் போனில் சொருகினால், ஒலி உங்கள் போனிலிருந்துதான் வரும். பக்கத்து சீட்டுக்காரர் போனிலிருந்து வராது. சொருகுவதே அனுமதி. வயரை எடுத்துவிட்டால் அந்த அனுமதிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடுதான் பேரிங்.

பேரிங்கில் என்ன நடக்கிறது

ஒவ்வொரு ப்ளூடூத் கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு முகவரி உண்டு. திரையில் நாம் பார்க்கும் பெயர் நம் வசதிக்காக. கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது முகவரியை வைத்துத்தான்.

இயர்பட்ஸை பேரிங் நிலைக்குக் கொண்டுவந்தால் (சார்ஜிங் கேஸில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடிப்பது, அல்லது இரண்டு பட்ஸையும் சில விநாடி தொட்டுக்கொண்டிருப்பது; இது மாடலுக்கு மாடல் மாறும்) அது அக்கம்பக்கத்தில் தேடுகிற எல்லாருக்கும் "நான் இங்கே இருக்கேன்" என்று பதில் சொல்லும். போன் அதைக் கண்டுபிடித்ததும், இரண்டும் ஒரு கணக்குப் போடுகின்றன. ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, அதிலிருந்து உருவாக்கிய இன்னொரு எண்ணை வெளிப்படையாக அனுப்பும். தன் ரகசியத்தையும் எதிராளி அனுப்பியதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு பக்கமும் ஒரே விடை கிடைக்கும். நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு அனுப்பியது எல்லாம் கேட்டாலும் அந்த விடை கிடைக்காது. இந்த முறை 2007-ல் வந்த ப்ளூடூத் 2.1-லிருந்து இருக்கிறது. அதற்கு முன்பு ஹெட்செட்டுக்கு "0000" அல்லது "1234" என்று பின் நம்பர் போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த விடையிலிருந்து 128 பிட் சாவி ஒன்று உருவாகிறது. சாவி காற்றில் போவதே இல்லை. ஒரு பிரதி போனில், ஒரு பிரதி இயர்பட்ஸில் சேமிக்கப்படும். பேரிங் அதோடு முடிந்தது. ஒரு ஜோடிக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

கனெக்‌ஷன் தினசரி வேலை

அடுத்த நாள் கேஸைத் திறக்கும்போது இயர்பட்ஸ் பேரிங் நிலைக்குப் போவதில்லை. பெரும்பாலான மாடல்கள், கடைசியாகச் சேர்ந்திருந்த கருவியை முகவரி சொல்லித் தானே கூப்பிடும். அது கிடைக்கவில்லை என்றால், தெரிந்தவர் யாராவது கூப்பிடுகிறார்களா என்று காத்திருக்கும். புதிதாகத் தேடுகிறவர்களுக்குப் பதில் சொல்லாது.

ஹால் டேப்லெட் புகாருக்கு விடை இதில் இருக்கிறது. நேற்று ராத்திரி குழந்தை டேப்லெட்டில் கார்ட்டூன் பார்த்திருந்தால், காலையில் இயர்பட்ஸ் முதலில் தேடுவது டேப்லெட்டைத்தான். இது கோளாறு இல்லை. இதற்குப் போய் பேரிங்கை அழித்து மறுபடி பண்ணுவது வீண் வேலை. டேப்லெட்டில் ப்ளூடூத்தை அணையுங்கள், அல்லது அங்கே "டிஸ்கனெக்ட்" கொடுங்கள். பிறகு உங்கள் போனின் ப்ளூடூத் பட்டியலில் இயர்பட்ஸ் பெயரைத் தொடுங்கள். போதும். டிஸ்கனெக்ட் சாவியை அழிக்காது. "ஃபர்கெட்", "அன்பேர்", "ரிமூவ்" ஆகியவைதான் சாவியை அழிப்பவை.

மல்டிபாயின்ட் வசதி உள்ள இயர்பட்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு சேர்ந்திருக்கும். லேப்டாப்பில் வீடியோ ஓடும்போது போனில் அழைப்பு வந்தால் அதுவே மாறிக்கொள்ளும். ஆனால் மூன்றாவது கருவி வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றை விடுவித்தாக வேண்டும்.

சாவி ஒரு பக்கம் மட்டும் இருந்தால்

"பேர்டுன்னு காட்டுது, கனெக்ட் ஆகல" என்பது வேறு கதை. இயர்பட்ஸை ஃபேக்டரி ரீசெட் செய்தால் அதிலிருந்த சாவிகள் எல்லாம் போய்விடும். ஆனால் இந்தச் சேதி போனுக்குத் தெரியாது. அதன் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும், பழைய சாவியும் இருக்கும். அதை வைத்துக் கூப்பிடும். இயர்பட்ஸுக்கு அந்தச் சாவி அடையாளம் தெரியாது, கனெக்‌ஷன் தோற்கும். எத்தனை தடவை ப்ளூடூத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் இது மாறாது.

இங்கே தீர்வு இரண்டு பக்கமும் அழிப்பது. போனில் ஃபர்கெட், இயர்பட்ஸில் ரீசெட், பிறகு புதிதாகப் பேரிங். ஒரு பக்கம் மட்டும் அழிப்பதுதான் பல வீடுகளில் பிரச்சினையை நீட்டிக்கொண்டே போகிறது.

சாவி என்று நான் சொல்வது வெறும் உவமை இல்லை என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். விண்டோஸில் பேர் செய்த இயர்பட்ஸை லினக்ஸிலும் பேர் செய்தால், மறுபடி விண்டோஸுக்குப் போகும்போது அது கனெக்ட் ஆகாது. காரணம், இரண்டும் பயன்படுத்துவது ஒரே ப்ளூடூத் சிப், ஒரே முகவரி. இயர்பட்ஸுக்கு இரண்டும் ஒரே ஆள். லினக்ஸ் புதுச் சாவி உருவாக்கியதும் பழையதை அது தூக்கிப் போட்டுவிடுகிறது. விண்டோஸ் கையில் இருப்பது செல்லாத சாவி. விவரம் தெரிந்தவர்கள் ஒரு பக்கத்துச் சாவியை மறுபக்கத்துக்கு நகல் எடுத்து வைத்து இதைச் சரி செய்கிறார்கள்.

ஆப்பிள், ஆண்ட்ராய்டு, விண்டோஸ்

ஏர்பாட்ஸை ஐபோனில் ஒரு தடவை சேர்த்தால், அதே ஆப்பிள் கணக்கில் இருக்கும் ஐபேடிலும் மேக்கிலும் அது தானாக வந்து நிற்கும். ஜோடி விவரத்தை ஐகிளவுட் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் வரும் வசதி இது. ஆப்பிள் அல்லாத கருவியோடு சேர்க்கும்போது இந்த வசதி கிடையாது. அப்போது ஏர்பாட்ஸும் ஒரு சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்தான். பின்னால் பட்டன் உள்ள கேஸ் என்றால், மூடியைத் திறந்து, வெள்ளை விளக்கு மினுக்கும் வரை பட்டனை அழுத்திப் பிடித்து, லேப்டாப்பின் பட்டியலில் தேட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் கூகுள் 2017-ல் கொண்டுவந்த ஃபாஸ்ட் பேர் இதே மாதிரி வேலை செய்கிறது. கேஸைத் திறந்ததும் திரையில் படத்தோடு ஒரு அறிவிப்பு வரும். விண்டோஸில் அதற்குச் சமமானது ஸ்விஃப்ட் பேர். இவை எல்லாம் தேடும் வேலையைச் சுலபமாக்குகின்றன, அவ்வளவுதான். உள்ளே நடப்பது சாவி உருவாக்குவதே.

மீட்டிங்கில் குரல் ஏன் கெடுகிறது

லேப்டாப்பில் பாட்டு அருமையாகக் கேட்கும். ஆன்லைன் இன்டர்வியூ தொடங்கியதும் எதிரில் பேசுபவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும், நம் குரலும் அவருக்கு அப்படித்தான் கேட்கும். வேலை கிடைக்குமா கிடைக்காதா என்ற நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பழைய வகை ப்ளூடூத்தில் ஒலிக்கு இரண்டு வழிகள். ஏ2டிபி என்பது பாட்டுக்கு: ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனால் ஒரு வழிப் பாதை. மைக்குக்கு அதில் இடமில்லை. எச்எஃப்பி என்பது போன் பேச்சுக்கு: இரு வழிப் பாதை, ஆனால் குறுகலானது. பழைய எச்எஃப்பி விநாடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கும். பிறகு வந்த எம்எஸ்பிசி 16,000 எடுக்கும். பாட்டுக்குப் பொதுவாக 44,100. நீங்கள் மைக்கை ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் ஏ2டிபியை விட்டுவிட்டு எச்எஃப்பிக்கு மாறுகிறது. அதனால்தான் அந்தக் கிணற்றுக் குரல்.

தீர்வு ரொம்ப எளிது. மீட்டிங் செயலியின் ஆடியோ அமைப்பில், ஸ்பீக்கராக இயர்பட்ஸையும் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். மைக் பாதை தேவைப்படாததால் ஒலி ஏ2டிபியிலேயே இருக்கும். அறை அமைதியாக இருந்தால் உங்கள் குரலும் தெளிவாகப் போகும். இதை இன்டர்வியூ அன்றைக்குச் செய்து பார்க்காமல் முந்தின நாளே சோதித்துவிடுவது நல்லது.

இந்தக் குறையை நிரந்தரமாகத் தீர்ப்பதற்காகத்தான் எல்இ ஆடியோ வருகிறது. 2020 ஜனவரியில் வெளியான ப்ளூடூத் 5.2 அதற்கு அடித்தளம் போட்டது. எல்சி3 என்ற புதிய கோடெக்கும் உண்டு. ஆனால் இயர்பட்ஸ், கம்ப்யூட்டர் இரண்டும் அதை ஆதரித்தால்தான் பயன்.

கனெக்ட் ஆன பிறகு ஒலி விட்டு விட்டு வந்தால், அது சாவி விவகாரமே இல்லை, அலை விவகாரம். ப்ளூடூத்தும் பெரும்பாலான வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கின்றன. நெரிசலைச் சமாளிக்க ப்ளூடூத் 79 சேனல்களுக்குள் விநாடிக்கு 1,600 தடவை வரை தாவும். அப்படியும் சில இடைஞ்சல்கள் தப்பாது. யுஎஸ்பி 3.0 கருவிகள் இந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் 2012-லேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ப்ளூடூத் டாங்கிளை ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் சொருகாமல் தள்ளிச் சொருகினால் பல நேரம் சரியாகிவிடும்.

கொடுத்த சாவியைத் திரும்ப வாங்குவது

போனையும் காரையும் சேர்க்கும்போது இரண்டு திரையிலும் 6 இலக்க எண் வரும், ஒன்றாக இருக்கிறதா என்று நாம் பார்ப்போம். இயர்பட்ஸில் திரை இல்லை. அதனால் சரிபார்ப்பும் இல்லை. இந்த முறைக்குப் பெயரே "ஜஸ்ட் வொர்க்ஸ்". எதிரில் இருப்பது சரியான கருவிதானா என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு நிமிடம் யார் வந்தாலும் சாவி கிடைக்கும். புது இயர்பட்ஸை பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பேர் செய்யாமல் வீட்டில் செய்வது இதனால்தான் நல்லது.

மென்பொருள் அப்டேட்டும் முக்கியம். 2019-ல் ஆய்வாளர்கள் நாப் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் மறையாக்கச் சாவியின் வலிமையை 1 பைட் அளவுக்குக் குறைக்கவைக்க முடியும் என்று காட்டினார்கள். அதன் பிறகு குறைந்தது 7 பைட் இருக்க வேண்டும் என்று ப்ளூடூத் கூட்டமைப்பு பரிந்துரைத்தது. அந்தத் திருத்தம் நம் கைக்கு வந்தது அப்டேட் வழியாகத்தான்.

ஆனால் நமக்கு நிஜமாகவே நடக்கக்கூடியது இதைவிடச் சாதாரணமானது. ஹாஸ்டலில் ஒரு தோழி "ஒரே ஒரு பாட்டுடி" என்று உங்கள் இயர்பட்ஸைத் தன் போனில் சேர்த்துக் கேட்டார். பாட்டு முடிந்தது. சாவி இன்னும் அவர் போனில் இருக்கிறது. இயர்பட்ஸ் வேறு எதோடும் சேராமல் சும்மா இருக்கும் நேரத்தில் அந்த போன் கூப்பிட்டால் சேர்ந்துகொள்ளும். சேர்ந்தால் ஒலி மட்டுமல்ல, மைக்கும் அதன் கையில். தோழி நல்லவர்தான். அவர் அந்த போனை யாருக்கு விற்பார் என்று தெரியாதே. பழைய அலுவலக லேப்டாப், எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போன், பிரிந்துபோன உறவு, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

உங்கள் போனில் ஃபர்கெட் கொடுத்தால் உங்கள் சாவி மட்டும்தான் போகும். மற்றவர்களுடையது இயர்பட்ஸுக்குள் இருக்கிறது. சில நிறுவனங்களின் செயலியில் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கலாம். அது இல்லாவிட்டால் ஃபேக்டரி ரீசெட்தான் ஒரே வழி. பழைய இயர்பட்ஸ் வாங்கினாலும் முதலில் செய்ய வேண்டியது அதுவே. பிறருக்குக் கொடுக்கும்போதும் அப்படியே.

ஆகவே, அடுத்த முறை இயர்பட்ஸ் மக்கர் பண்ணினால் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். இப்போது அது வேறு எதோடாவது சேர்ந்திருக்கிறதா? அப்படியானால் அங்கே டிஸ்கனெக்ட். யாரோடும் சேரவில்லை, கூப்பிட்டாலும் வரவில்லையா? இரண்டு பக்கமும் சாவியை அழித்துப் புதிதாகப் பேர் செய்யுங்கள். சேர்ந்துவிட்டது, ஒலிதான் சரியில்லையா? பேரிங்கைத் தொடவே வேண்டாம், மைக் தேர்வையும் அக்கம்பக்க இடைஞ்சலையும் பாருங்கள். ரீசெட் செய்ய வேண்டி வந்தால் ஒரு விஷயத்தை ஞாபகம் வையுங்கள்: வீட்டில் எல்லா கருவிகளிலும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். யாரிடம் சாவி இருக்க வேண்டும், யாரிடம் வேண்டாம் என்று புதிதாக முடிவு செய்ய அதுவே நல்ல சந்தர்ப்பம்.