எழுத்துக்கு ஓர் எண்
வீட்டுக் கணிப்பொறியில் தமிழ் நுழைந்த வரலாறும், பழைய கோப்புகளைக் காக்கும் முறையும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் அமைந்துள்ள தங்கவயல், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் ஊராகும். 1880-ஆம் ஆண்டையடுத்து ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலை விரிவுபடுத்தியபோது, வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சுரங்கங்கள் இறங்கின. இறுதியாக 2001 பிப்ரவரி 28-இல் அவை மூடப்பட்டன.

சுரங்கத்தின் கடைசி இருபது ஆண்டுகளும் வீட்டுக் கணிப்பொறியின் முதல் இருபது ஆண்டுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஆதலின் சுரங்க ஊர் ஒன்றின் கடைசிக் காலத்து மனுக்கள், துண்டறிக்கைகள், திருவிழா மலர்கள், பாடக் குறிப்புகள் ஆகியவற்றுள் கணிப்பொறியில் எழுதப்பட்டவை எவையேனும் இருப்பின், அவற்றை இன்று படிக்க இயலுமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும். காகிதத்தில் எழுதியது மங்கினாலும் கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறியில் எழுதியதோ, சிறிதும் அழியாமலிருந்தும் படிக்க முடியாமற் போகக்கூடும். இதன் காரணத்தை அறிந்துகொள்வோர் அதற்குரிய மாற்றையும் எளிதில் அறியலாம்.

வீட்டிற்கு வந்த பொறி

தொடக்கத்தில் கணிப்பொறி ஓர் அறையையே நிறைக்கும் பெரும் இயந்திரமாக இருந்தது. தனி மனிதர் ஒருவர் விலை கொடுத்து வாங்கத்தக்க 'ஆல்டேர் 8800' என்னும் சிறு பொறி 1975-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பிலிருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளியே கட்டளையிட வேண்டும். சிறு விளக்குகள் எரிந்து விடை கூறும். கெமெனி, குர்ட்ஸ் என்னும் பேராசிரியர் இருவர் 1964-இல் மாணவர்களுக்கென வகுத்திருந்த 'பேசிக்' மொழியை, பில் கேட்ஸும் பால் ஆலனும் இப்பொறிக்கு ஏற்றவாறு அமைத்துத் தந்தனர். 1977-இல் 'ஆப்பிள் 2' வந்தது. 1979-இல் அதற்கென வெளிவந்த 'விசிகால்க்' என்னும் கணக்கேட்டு மென்பொருள், வணிகர்களும் அப்பொறியை நாடுமாறு செய்தது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: பொறி எதற்குப் பயன்படும் என்பதை உறுதி செய்வது மென்பொருளாகும். கணக்கேட்டு மென்பொருளை ஏற்றினால் அது கணக்கர்; எழுத்து மென்பொருளை ஏற்றினால் அதுவே எழுத்தர்.

இந்தியாவில் 1984-இல் அறிவிக்கப்பட்ட கணிப்பொறிக் கொள்கை, இப்பொறிகளைத் தருவிப்பதையும் செய்வதையும் எளிதாக்கியது. அதையொட்டிய காலத்தில் 'கிளாஸ்' என்னும் திட்டத்தின்கீழ், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் வழங்கப்பெற்றன.

எண்ணாகும் எழுத்து

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அவ்வெண்ணையே அது சேமித்து வைக்கிறது. ஆங்கிலத்திற்கு 'ஆஸ்கி' என்னும் பொதுப் பட்டியல் 1963-இலேயே வகுக்கப்பட்டது. அதில் உள்ள இடங்கள் 128. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுள் முதலாவதற்குரிய எண் 65. எண்களைச் சேமிக்கும் அடிப்படை அலகாகிய 'பைட்' ஒன்றில் 256 எண்கள் அமையும். ஆகவே ஆங்கிலம் கொண்டது போக 128 இடங்கள் எஞ்சின.

தமிழ் எழுத்துகளோ 247. எனினும் கால், கொம்பு முதலிய உறுப்புகளைத் தனித்தனியே வைத்துக் கூட்டி எழுதினால், எஞ்சிய இடத்தில் தமிழை அடக்கிவிடலாம். இவ்வகை முயற்சிகளில் பெரும்பங்கு வெளிநாடுகளில் வாழ்ந்த தமிழர்களுடையது. 1980-களில் கனடாவில் ஸ்ரீநிவாசன் 'ஆதமி' என்னும் மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். 1990-களில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். பெரிய நிறுவனங்கள் கருதிப் பாராத ஒரு தேவையைத் தனி மனிதர்கள் தம் முயற்சியால் நிறைவேற்றினர் எனலாம்.

ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. பொதுப் பட்டியல் இன்மையால், ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தமக்கு ஏற்ற எண்களைக் கொடுத்தனர்.

இதனைத் தங்கவயலின் லைன் வீடுகளைக் கொண்டு விளக்கலாம். பல லைன்களிலும் 12-ஆம் எண்ணுள்ள வீடு உண்டு. லைனின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் எவ்வீட்டில் கொடுப்பார்? எழுத்துருவின் பெயர் லைனின் பெயரைப் போன்றது. அது தெரியாவிடின், சேமித்த எண்கள் அனைத்தும் சரியாக இருந்தும், திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். கன்னடத்திலும் இதே நிலை இருந்தது. 'நுடி' முதலிய எழுத்துருக்களில் கன்னட எழுத்துக்கு நின்ற எண்ணே, தமிழ் எழுத்துரு ஒன்றில் வேறோர் எழுத்துக்கு நின்றது.

பொதுப் பட்டியல்

இக்குறையை நீக்க 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். சென்னை மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் குறியீட்டு முறைகளும் அமைந்தன. இணையத்தில் கலந்தாய்ந்தோர் 'திஸ்கி' என்னும் முறையை வகுத்தனர்.

உலக மொழிகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் அமைக்கும் 'யூனிகோடு' முறையில், 1991-இலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 'விண்டோஸ் 2000' வெளிவந்த பின்னரே அது வீட்டுக் கணிப்பொறிகளில் பரவலாயிற்று. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது.

இம்முறையில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. தெலுங்குக் ககரத்தின் எண் 3093. கன்னடக் ககரத்தின் எண் 3221. ஒன்றுக்கொன்று இடைவெளி சரியாக 128. ஓர் எண் ஓர் எழுத்தையன்றி வேறெதையும் குறியாது. ஆகவே மும்மொழியும் வழங்கும் தங்கவயலைப் போன்ற ஊரில், மூன்று மொழிச் செய்திகளையும் ஒரே கோப்பில் குழப்பமின்றி எழுதலாம்.

மீட்கும் முறை

பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பழைய எண்ணுக்குப் புதிய எண்ணை இடுதல். இரண்டாவது, வரிசையை மாற்றுதல். 'கெ' என்னும் எழுத்தைப் பழைய எழுத்துருக்கள் பல, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னுமாகச் சேமித்தன. யூனிகோடு, ஒலிக்கும் வரிசைப்படி ககரத்தை முன்னே வைக்கிறது. இம்மாற்றம் தவறினால் கொம்பு பக்கத்து எழுத்தில் ஏறிவிடும்.

இம்மீட்பு இயலக்கூடியதே என்பதற்கு மதுரைத் திட்டம் சான்றாகும். பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி இலவசமாக வழங்க 1998-இல் தொடங்கிய இத்திட்டத்தின் நூல்கள், முன்பு பழைய எழுத்துருக்களிலும் பின்பு திஸ்கியிலும் வெளிவந்து, இன்று யூனிகோடில் கிடைக்கின்றன.

களப்பணியாளரும் ஆசிரியரும் பழைய கோப்புகளைக் காணும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. திரையில் பொருளற்ற குறிகள் தோன்றுகின்றன என்பதற்காகக் கோப்பை அழித்துவிடலாகாது. முதற்கோப்பைத் திருத்தாமல் வைத்து, அதன் படியிலேயே வேலை செய்க.

2. பிளாப்பித் தட்டின் காந்தப் பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல நலிவடையும். ஆகவே உள்ளிருப்பதைப் படிக்க முடியாவிடினும், முதலில் அதனை வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும்.

3. எழுதப் பயன்பட்ட மென்பொருள், எழுத்துரு ஆகியவற்றின் பெயரை எழுதியவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்க. எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதனையும் உடன் வைக்க.

4. மாற்றியபின், அச்சிட்ட படி ஒன்றுடன் ஒப்பிட்டு, கொம்பு ஏறிய எழுத்துகளையும் பெயர்களையும் தொகைகளையும் சரிபார்க்க.

மாணவர்கள் மூன்று மொழிகளின் ககரங்களையும் எழுதி, அவற்றின் எண்களைக் கண்டு ஒப்பிடுதல் வகுப்பறைக்கு ஏற்ற சிறு பயிற்சியாகும். அம்மாணவர்களே தம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய தட்டுகளைத் தேடிக் கொணரக்கூடும். சுரங்கத்தில் உழைத்தவர்கள் தம் கையால் எழுதிவைத்தவை அவற்றில் இருக்கலாம். எழுதியவரைக் கேட்டறியும் வாய்ப்பு உள்ளபோதே எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டால், அவ்வெழுத்து மீண்டும் படிக்கப்பெறும்.