பிள்ளை கையில் வேலை கொடுங்கள்!

புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டில் வேலை அதிகம். கொலுப் பொம்மைகளைத் துடைக்க வேண்டும். சுண்டலுக்குக் கடலை பொறுக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு வீடு வாசல் கழுவ வேண்டும். ஐப்பசியில் தீபாவளி. காட்டில் நிலக்கடலை பிடுங்கும் வேலை வேறு!

இந்த நேரத்தில் நாலு வயதுக் குழந்தை குறுக்கே வருகிறது. "நானும் செய்யறேன்" என்கிறது. "போ கண்ணு, அந்தப் பக்கம் போய் விளையாடு" என்று பெரியவர்கள் விரட்டிவிடுகிறார்கள்.

விரட்டக் கூடாது. அந்த வயதுக்கு ஏற்ற பாடமே அந்த வேலைதான். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஓர் இத்தாலிய டாக்டர் அம்மையார். அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

ஏழைகளின் பள்ளி

மாண்டிசோரி அம்மையார் 1870-ம் ஆண்டு பிறந்தவர். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6-ந் தேதி ரோம் நகரில் தமது முதல் பள்ளியைத் தொடங்கினார். அது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரன்சோ என்ற பகுதி. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் ஓடுவார்கள், சுவரில் கிறுக்குவார்கள். அவர்கள் குடியிருந்த கட்டிடத்திலேயே ஓர் அறையில் பள்ளி நடந்தது. "குழந்தைகள் வீடு" என்று அதற்குப் பெயர்.

கட்டணம் கிடையாது. ஆனால் பெற்றோருக்குச் சில விதிகள் உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டி, சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். வாரம் ஒரு முறை தாய் வந்து ஆசிரியையிடம் பேச வேண்டும். பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்தே வீடும் பள்ளியும் கைகோத்து நடந்தன.

அங்கே பிள்ளைகள் கை கழுவினார்கள். தரை பெருக்கினார்கள். பொத்தான் போடப் பழகினார்கள். சிந்தாமல் தண்ணீர் ஊற்றினார்கள். இதனால் கை நிதானப்பட்டது. மனம் ஒரே இடத்தில் நின்றது.

எழுத்து வந்த கதை

ஒரு நாள் சில தாய்மார்கள் அம்மையாரைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள்.

அம்மையார் உப்புத் தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் அவற்றை விரலால் தடவிப் பார்த்தார்கள். 1907 டிசம்பரில் ஒரு நாள் எல்லோரும் மொட்டை மாடியில் இருந்தார்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் சாக்கட்டியால் புகைபோக்கியை வரைந்தான். திடீரென்று, "எனக்கு எழுத வருகிறது!" என்று கூவினான். "கை" என்று எழுதினான். பிறகு "புகைபோக்கி", "கூரை" என்று எழுதினான். மற்றப் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினார்கள். வீட்டுத் தரையிலும் எழுத்து, ரொட்டியின் மேலும் எழுத்து! தாய்மார்கள் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

விஜயதசமி அன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுத வைப்பது தமிழர் வழக்கம். அதுவும் விரல் வழியாக எழுத்தை அறிவதுதான். அதை ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி வையுங்கள். தினமும் குழந்தை விரலால் எழுதட்டும்.

கொடைக்கானலில் அம்மையார்

1939 நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாறு பிரம்மஞான சபையினர் அழைத்திருந்தார்கள். அங்கே சுமார் 300 ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியது. அவர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். ஊர் திரும்ப முடியவில்லை.

1942-ல் அவர் கொடைக்கானல் சென்று சுமார் 2 ஆண்டுகள் தங்கினார். கொங்கு நாட்டுக்குத் தெற்கே நிற்கும் பழனி மலையில்தான் கொடைக்கானல் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் செடி, கொடி, பூச்சிகளை நேரில் பார்த்துப் படித்தார்கள். மண்ணும் மழையும் உயிர்களும் ஒன்றை ஒன்று நம்பி வாழ்வதை அறிந்தார்கள்.

நம் ஊர்ப் பருவம்

அக்டோபர் மாதத்தில் ஐரோப்பாவில் இலை உதிரும். அங்குள்ள பிள்ளைகள் சிவந்த இலைகளைச் சேர்ப்பார்கள். இங்கே அந்த இலைகளைப் படத்தில் காட்டினால் போதாது. ஐப்பசியும் கார்த்திகையும் தமிழருக்குக் கூதிர் காலம். பாடம் வாசலிலேயே இருக்கிறது.

கொலு: மாண்டிசோரி பள்ளியில் 10 கட்டைகள் உண்டு. ஒரு சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை ஒன்றைவிட ஒன்று பெரிது. பெரியதன் மேல் சிறியதாகக் குழந்தை அடுக்கும். கொலுப் பொம்மைகளையும் உயரப்படி அடுக்கச் சொல்லலாம்.

சுண்டல்: கொண்டைக்கடலையையும் பச்சைப் பயறையும் கலந்து கொடுத்து, தனித்தனிக் கிண்ணத்தில் பிரிக்கச் சொல்லலாம்.

ஆயுத பூஜை: கோவையில் லேத் பட்டறை, தறி, மில் என்று எத்தனையோ தொழில்கள். இது தந்தையின் முறை. இயந்திரம் நின்றிருக்கும்போது பிள்ளையை அழைத்துப் போய், கருவிகளின் பெயரைச் சொல்லுங்கள். கூர்மை இல்லாத ஒன்றைத் துடைக்கக் கொடுங்கள்.

மழை: முற்றத்தில் ஒரு டப்பாவை வையுங்கள். மழை விட்டதும் குச்சியை விட்டு எவ்வளவு தண்ணீர் என்று அளக்கட்டும்.

நிலக்கடலை: பூ மேலே பூக்கிறது, காய் மண்ணுக்குள் இருக்கிறது! அப்புச்சி செடியைப் பிடுங்கிக் காட்டட்டும். குழந்தை காயைப் பறித்து எண்ணட்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

ஒரு முறை மெதுவாகச் செய்து காட்டுங்கள். சிறிய சொம்பு, சிறிய சீமாறு கொடுங்கள். தண்ணீர் சிந்தினால் திட்டாதீர்கள். துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். பிள்ளை செய்வதைப் பிடுங்கி நீங்கள் முடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. கடலை மூச்சுக் குழாயில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் கடலை, பயறு, கொட்டை எதுவும் வேண்டாம். பெரிய குழந்தையானாலும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

மாண்டிசோரி முறை பணக்காரருக்கு மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை அது. 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் இம்முறையை ஒட்டி மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. ஆனால் பள்ளி பாதிதான். மறு பாதி வீடு.

அம்மையார் 1952 மே 6-ந் தேதி காலமானார். அவர் சொன்னதைச் செய்துபார்க்கப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். இந்த ஆண்டு கடலை பொறுக்க உட்காரும்போது, பக்கத்தில் இன்னொரு சின்னக் கிண்ணமும் வையுங்கள்.