எண்ணெய்ப் பாறைக்கு எத்தனை டி.எம்.சி.?

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் மேல்படுகையில், யூட்டா, வயோமிங், கொலராடோ மாநிலங்கள் கூடும் வறண்ட மேட்டுநிலத்தின் அடியில் எண்ணெய்ப் பாறை அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கொலராடோவின் பியான்ஸ் படுகையில் மட்டும் ஒன்றரை லட்சம் கோடி பீப்பாய் எண்ணெய்க்கான சரக்கு இருப்பதாக அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டிருக்கிறது. இருக்கும் அளவுதான் இது. எடுக்க முடிந்த அளவு வேறு. எடுப்பதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2010இல் ஒரு விடை சொன்னது: பாறையை நிலத்தடியிலேயே சூடாக்கும் முறையில், ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 1 முதல் 12 பீப்பாய் வரை தண்ணீர், சராசரி 5. நாளுக்கு 10 லட்சம் பீப்பாய் எண்ணெய் என்று வைத்துப் பெருக்கினால், ஆண்டுக்கு 2 டி.எம்.சி.யிலும் முடியலாம், 24 டி.எம்.சி.யையும் தாண்டலாம். அங்கே ஓடும் ஒயிட் ஆற்றின் ஓராண்டு நீரே சுமார் 20 டி.எம்.சி.தான்.

விடை பன்னிரண்டு மடங்கு விரிவதற்குக் கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் பாறையில் இருப்பது கெரோஜன் என்ற கெட்டியான கரிமப்பொருள், சூடாக்கினால்தான் எண்ணெயாகும். ஷெல் நிறுவனம் சோதித்த முறையில், ஆழ்துளைகளுக்குள் மின்சூடேற்றிகளை இறக்கி, பாறையை 340 டிகிரி செல்சியசுக்கு மேல் ஆண்டுக்கணக்கில் சூடாக்க வேண்டும். நிலத்தடி நீர் உள்ளே கசியாமலிருக்க, சுற்றிலும் நிலத்தை உறையவைத்துப் பனிச்சுவர் எழுப்ப வேண்டும். உள்ளே உலை, வெளியே உறைபனி, இரண்டுக்கும் மின்சாரம்! ஆக, தண்ணீர்க் கணக்கின் ஒரு பெரும்பகுதி மின்நிலையத்தில்தான் இருக்கிறது. அனல்மின் நிலையத்தைப் படுகைக்குள்ளேயே கட்டி, நீராவியைக் குளிர்விக்க ஆற்றுநீரை எடுத்தால் ஒரு எண் வரும். காற்றால் குளிரும் நிலையம் என்றாலோ, மின்சாரம் வெளியிலிருந்து கம்பியில் வந்தாலோ எண் சரியும். எண்ணெய் எடுத்து முடித்த பாறையை எத்தனை தடவை கழுவுவது, வேலைக்கு வரும் குடும்பங்களை எங்கே குடியமர்த்துவது என்பவையும் அப்படியே. எல்லாம் யாரோ எடுக்கப்போகும் முடிவுகள். அவற்றை மொத்தமாகக் கூட்டி ‘வருங்காலத் தேவை’ என்று பெயரிட்டுவிட்டால், முடிவு எடுத்தவர் மறைந்து எண் மட்டும் மிஞ்சுகிறது.

இவ்வளவு ஆட்டம் காணும் கணக்கைப் போடாமலே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். 1980இல் எக்சான் நிறுவனம் நாளுக்கு 80 லட்சம் பீப்பாய் எடுக்கலாம் என்றது. அதற்காக மிசோரி ஆற்றுநீரைத் திருப்பிவிடும் யோசனையும் சொன்னது. 1982 மே 2 அன்று ‘காலனி’ என்ற தன் எண்ணெய்ப் பாறைத் திட்டத்தையே மூடியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஷெல்லும் 2013இல் விலகிக்கொண்டது. நடக்காத தொழிலுக்குத் தண்ணீர்க் கணக்கு எதற்கு? கொலராடோ நீர்ச் சட்டத்தில் நடக்காத தொழிலுக்கும் தண்ணீர் உண்டு என்பதால்தான். முதலில் எடுத்தவருக்கே முன்னுரிமை என்பது அங்கே விதி. பின்னால் பயன்படுத்தப்போவதாக இன்றே மனுப்போட்டு நிபந்தனை உரிமை வாங்கலாம். ஆறாண்டுக்கு ஒருமுறை முயற்சி தொடர்கிறது என்று நீர் நீதிமன்றத்தில் காட்டினால், வரிசையில் பிடித்த இடம் போகாது. எண்ணெய் நிறுவனங்கள் பிடித்துவைத்த இடங்கள் இப்படித்தான் பல பத்தாண்டுகள் நீடித்தன. தொழில் என்றாவது தொடங்கினால், இடைக்காலத்தில் வந்த ஊர்கள் பின்னுக்குப் போக வேண்டியதுதான். 2008இல் ஷெல் யாம்பா ஆற்றில் வினாடிக்கு 375 கன அடி கேட்டு மனுப்போட்டு, 2010இல் தானே திரும்பப் பெற்றது. பெறாமலும் இருந்திருக்கலாம். ஆகவே மதிப்பீடு வேண்டும். எந்த முறை, எந்த மின்நிலையம், எந்தக் குளிர்விப்பு என்ற நிபந்தனைகளோடு வேண்டும். அவை மாறினால் எண்ணும் செல்லாததாக வேண்டும்.

படுகை நீரில் பெரும்பங்கு பாசனத்துக்குப் போகும்போது எண்ணெய்க்குச் சராசரிக் கணக்கில் வரும் 10 டி.எம்.சி. தூசுதானே என்பது இன்னொரு வாதம். முழுக் கொலராடோ ஆற்றுக்குத் தூசு, ஒயிட் ஆற்றுக்கோ அது பாதி. முழு ஆற்றிலும் மிச்சம் ஏதுமில்லை. 1922 ஒப்பந்தம் மேல்படுகைக்கும் கீழ்படுகைக்கும் ஆளுக்குச் சுமார் 327 டி.எம்.சி. எழுதிவைத்தது, 1944 உடன்படிக்கை மெக்சிகோவுக்கு 65 சேர்த்தது. மொத்தம் 719. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் நம்பிய அளவீடுகள் மழை தாராளமாக இருந்த ஆண்டுகளுடையவை. ஸ்டாக்டன், ஜேகபி என்ற ஆய்வாளர்கள் 1976இல் மர வளையங்களைக் கொண்டு கணித்த நீண்டகாலச் சராசரி 590ஐ ஒட்டியது. 2000க்குப் பிறகு வருவது சுமார் 540. பத்திரத்தில் இருப்பது ஆற்றில் இல்லை. அளவை விடவும் முக்கியமானது பயன்பாட்டின் தன்மை. வறண்ட ஆண்டில் குதிரைமசால் வயலை ஒரு அறுப்புக்குத் தரிசாகப் போடலாம். பாதி வெந்த பாறையை அப்படிப் போட முடியாது. மின்சாரம் நின்றால் பனிச்சுவர் உருகும். சட்டப்படி பழைய பண்ணைகளுக்கே முன்னுரிமை என்றாலும், அத்தகைய பண்ணைகளை எண்ணெய் நிறுவனங்கள் விலைக்கு வாங்கியும் இருக்கின்றன. 2002இல் கொலராடோ ஆற்றின் பவல் நீர்த்தேக்கத்துக்கு வந்தது வழக்கமான வரத்தில் கால்வாசி. எனவே சராசரி ஆண்டுக்கான எண்ணுக்குப் பக்கத்தில், 2002 போன்ற ஆண்டுக்கான எண்ணும், அந்த ஆண்டில் முதலில் எந்த மதகு இறங்கும் என்பதும் மதிப்பீட்டு அறிக்கையில் எழுதப்பட வேண்டும்.