படத்தைச் செப்பனிட மேகமா, வீட்டுக் கணினியா?

தோட்டப்புறக் குடும்பங்களில் தாத்தா பாட்டியின் திருமணப் படம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கறை படிந்து, மூலை கிழிந்து, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தோட்டம் கைமாறி, லயங்களும் இடிக்கப்பட்டபின், நம்மவர் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்குச் சில வீடுகளில் அந்தப் படமே மிஞ்சிய சாட்சி. இன்று நம் பிள்ளைகள் அத்தகைய படங்களைச் செப்பனிட முற்படுகிறார்கள். அதனை மேகக் கணிமை வழியாகச் செய்வதா, வீட்டுக்கு ஒரு கணினி வாங்கிச் செய்வதா? இதுவே இன்றைய நமது பேச்சு.

மேகம் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அது வேறொருவருடைய கணினிதான். ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில், முன்பு செம்பனை நின்ற நிலத்திலேயே இன்று கணினிகளை அடுக்கி வைத்த பெரிய கட்டடங்கள் எழுந்துள்ளன. இணையத்தின் வழி நம் படம் இத்தகைய ஓரிடத்துக்குச் சென்று, திருத்தம் பெற்றுத் திரும்புகிறது.

துணி தைப்பதை எண்ணிப் பாருங்கள். பட்டணத்துத் தையற்காரரிடம் பெரிய இயந்திரங்கள் உண்டு. நாம் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஆனால், துணியைச் சுமந்து போக வேண்டும்; ஒவ்வொரு முறையும் கூலி தர வேண்டும். வீட்டிலேயே தையல் இயந்திரம் இருந்தால் நினைத்தபோது தைக்கலாம். முதற்செலவும் பராமரிப்பும் நம்முடையவை.

'சுமந்து போகும்' வேலையை முதலில் கணக்கிடுவோம். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படம் மூன்று, நான்கு மெகாபைட் இருக்கும். அது நொடிகளில் போய்விடும். கல்யாணப் படமெடுக்கும் இளைஞர் நிலை வேறு. அவர் கேமராவில் சுருக்காமல் எடுக்கும் படம் ஒன்று சுமார் 25 மெகாபைட்; ஆயிரம் படங்கள் 25 கிகாபைட். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் தோட்டத்தில் கேட்கவே வேண்டாம். அவருக்கு வீட்டுக் கணினியே ஏற்றது.

அடுத்து, செலவு. மாதம் 40 வெள்ளி சந்தா என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது மாதங்களில் 2,000 வெள்ளி ஆகிவிடும். அந்தத் தொகைக்கு ஒரு கணினி வாங்கி, ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு நாலு படம் திருத்துபவருக்கோ கணினி வாங்குவது வீண்செலவு. கைத்தொலைபேசியும் ஓர் இலவசச் செயலியும் போதும்.

இலவசம் என்றுமே நிலைக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2015-இல் தொடங்கிய கூகல் போட்டோஸ், சற்றுச் சுருக்கிய படங்களை வரம்பின்றி இலவசமாக வைத்துக்கொண்டது. 2021 ஜூன் 1-ஆம் நாளோடு அச்சலுகை நின்றது. அதற்குப்பின் ஏற்றிய படங்கள், மின்னஞ்சலோடு சேர்த்து, 15 கிகாபைட் வரம்புக்குள் எண்ணப்பட்டன. மைஸ்பேஸ் என்னும் தளம், பயனர்கள் பல ஆண்டுகளாக ஏற்றிய படங்களும் பாடல்களும் கணினி மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019-இல் அறிவித்தது.

அப்படியானால் வீட்டுக் கணினி பத்திரமா? அதுவும் இல்லை. நம் நாட்டு இடி மின்னலை நாம் அறிவோம். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளின் பொருள்கள் மூழ்கின. வன்தட்டு ஒருநாள் சொல்லாமலே பழுதாகும்.

ஆகவே, திருத்துவதற்கு ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பதற்கு மட்டும் ஓரிடத்தை நம்பாதீர்கள். பழைய படத்தை முதலில் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் வருடியெடுங்கள். அந்த மூலப்படியைத் தொடாமல், அதன் நகலில் மட்டுமே திருத்தம் செய்யுங்கள். மூலப்படி ஒன்று வீட்டில், ஒன்று தனி வன்தட்டில் உறவினர் வீட்டில், ஒன்று மேகத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்குகின்றன. ஆனால், அழிந்துபோன கண்ணையும் மூக்கையும் அவை ஊகித்தே வரைகின்றன. வருவது அழகான முகமாக இருக்கலாம். நம் பாட்டியின் முகமாக இராது. திருத்திய படத்தைப் பாட்டியைக் கண்ணால் கண்டவர்களிடம் காட்டிக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்திலுள்ளோர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். அந்த விவரத்தை எந்தக் கணினியாலும் பிறகு மீட்டுத் தர இயலாது.