வெள்ளணுக்களும் நைட்ரிக் ஆக்ஸைடும்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குதலை யாவரும் அறிவர். அவ்வீக்கம், நோயை எதிர்த்து உடல் தொடுக்கும் போரின் அடையாளமேயாம். 1882-ம் ஆண்டில், மெஸ்ஸினா நகரிலே மெச்னிகாப் என்னும் ருஷ்ய அறிஞர் நட்சத்திர மீனின் இளங்குஞ்சொன்றில் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாட் காலையில் உயிரணுக்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். நம் குருதியிலும் கிருமிகளைப் பற்றி உண்ணும் இத்தகைய விழுங்கணுக்கள் உள.

இப்போர்வீரர்க்கு ஆணை கொணரும் தூதர் யாவர்? அவருள் முதன்மையானது, எலும்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள கால்சியமே. ஓய்ந்திருக்கும் உயிரணுவினுள் அஃது இருக்கும் செறிவு, வெளியிலிருப்பதில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கேயாகும். வெள்ளணு பகையை உணர்ந்ததும், அதனுள்ளிருக்கும் சேமிப்பறை திறந்து கால்சியம் வெளிப்படும். அறை வறிதாதலை ‘ஸ்டிம்’ என்னும் புரதம் அறிந்து, புறச்சவ்விலுள்ள ‘ஓராய்’ என்னும் வாயிலைத் திறக்கும். வெளிக் கால்சியமும் உட்புகும். இவ்வாயில் பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வலியற்றிருந்தமை 2006-ல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று.

இனி, நைட்ரிக் ஆக்ஸைடு என்பது யாது? நைட்ரஜன் பரமாணு ஒன்றும் பிராணவாயுப் பரமாணு ஒன்றும் கூடிய வாயுவே அது. மோட்டார் வண்டிப் புகையிற் காணும் இவ்வாயுவை நம் உடலும் ஆர்ஜினைன் என்னும் பொருளிலிருந்து ஆக்குகின்றது. குருதிக் குழாய்களை இது தளர்த்துமாற்றை ஆராய்ந்த பர்ச்காட், இக்னாரோ, முராட் என்னும் மூவர் 1998-ல் நோபெல் பரிசு பெற்றனர். நரம்பிலும் குருதிக் குழாயிலும் இதனை ஆக்கும் என்ஸைம், கால்சியம் உயர்ந்தாலன்றித் தொழிற்படாது. விழுங்கணுவில் தோன்றும் என்ஸைமோ கால்சியத்தின் உயர்வை எதிர்பாராது நெடுநேரம் வாயுவைச் சொரிந்து கிருமிகளை அழிக்கும்.

ஆயின் இவ்வாயு தூதனையும் அடக்க வல்லது. ஸ்டிம் புரதத்திலுள்ள கந்தகத்தைப் பற்றி, அது வாயிலைத் திறவாவண்ணம் தடுக்கும். வேறு சில கால்சிய வாயில்களையோ இதுவே திறந்துவிடும். எனவே இதன் பயன் அளவையும் இடத்தையும் பொறுத்தது. மிகுதியாகச் சுரப்பின், டி வெள்ளணுக்கள் பெருகுதல் தடைப்படும் என்பதும் அறியப்பட்டதே.

கிருமிகளின் நஞ்சு குருதியெங்கும் பரவுங்கால், இவ்வாயு அளவிறந்து பெருகிக் குருதியழுத்தம் வீழும். உயிருக்கே இடையூறு நேரும். அங்ஙனமாயின் வாயுவை அறவே நிறுத்திவிடலாகாதோ? அதற்குரிய மருந்தை 797 நோயாளரிடம் சோதித்தனர். முடிவு 2004-ல் வெளியாயிற்று. அழுத்தம் உயர்ந்தது உண்மையே. எனினும், 28 நாட்களுள் மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 59 பேரும், பெறாதோருள் 49 பேரும் இறந்தனர். சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது.

உடலின் ஒரு பொருளைத் தீயதென்று முற்றும் அகற்ற முயலுதல் பேதைமையாம். அதன் அளவறிந்து ஆளுதலே மருத்துவத்தின் அருமை. நம் மாணவருள் மருத்துவராக விழைவோர் இதனை மறவாதிருப்பாராக.